பூஸ்டரைக் கழற்றுங்கள்: பழைய கணினியை மாட்டினால் டிவியில் படம் ஏன் புள்ளியாக வருகிறது?

இடவப்பாதி மழைக்கு முன்னால் தக்கலையில் எங்கள் பழைய வீட்டுக்கு ஓடு மாற்ற ஆள் வந்தபோது, பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. உள்ளே ரப்பர் பொத்தான் வைத்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினி. இங்கிலாந்தில் நர்சாக இருந்த சித்தி 1986இல் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. கூடவே ஒரு பவர் அடாப்டர், இரண்டு கேசட், கொஞ்சம் எலிப்புழுக்கை, அப்புறம் ஒரு முனையில் டிவிடி பிளேயர் ஒயரில் இருப்பது போன்ற ஆர்சிஏ பின்னும் மறுமுனையில் ஆன்டெனா பின்னும் வைத்த கறுப்பு ஒயர்.

ஹாலில் இருந்த டிவியில் சொருகினேன். ‘சிக்னல் இல்லை’ என்றது. உள்ளறையில் கிடந்த பழைய கலர் டிவியை இழுத்து வந்து மாட்டினால், புள்ளி மழைக்கு நடுவில் ஏதோ வெள்ளையாக அசைந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். “ஒரு பூஸ்டர் போட்டா கிளியராட்டு வரும் தம்பி” என்று சொன்னவர், தன் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களுக்குள்ளிருந்து சிக்னலைப் பெருக்கும் அந்தப் பெட்டி ஒன்றை எடுத்தும் வந்துவிட்டார். போட்டோம். முன்பு தெரிந்த வெள்ளையும் போய், படம் கறுத்து, கிழிந்து, ‘கிர்ர்’ என்று இரைய ஆரம்பித்தது.

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. குமரி மாவட்டத்தில் டிவி பார்த்து வளர்ந்த யாருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம் அதுதான். ஆனால் பழைய கணினி விஷயத்தில் அது நேர் எதிர் வைத்தியம்.

எண்பதுகளில் எங்கள் பக்கத்துக்கு வந்த படமெல்லாம் தூரத்திலிருந்து வந்தது. திருவனந்தபுரம் தூர்தர்ஷன் 1985இல் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலை வழியாக 65 கிலோமீட்டர் போல. அதாவது சுமாரான கம்பம் இருந்தால் போதும். ரூபவாஹினி கதை வேறு. 1982 பிப்ரவரியில் தொடங்கிய அந்த இலங்கை நிலையத்தின் முக்கியமான டிரான்ஸ்மிட்டர், அந்நாட்டின் மிக உயரமான பிதுருதலாகல மலையில் 2,524 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாலும் பூமியின் வளைவு சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால் மறைத்துவிடும். கன்னியாகுமரி அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கும் அதிகம். கணக்குப்படி படம் வரவே கூடாது. கடலுக்கு மேலே சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக நிற்கும் நாட்களில் அலைகள் அந்த அடுக்குகளில் வளைந்து வந்ததால்தான் கிடைத்தது. அதனால்தான் ஒருநாள் கண்ணாடிபோலத் தெரியும். மறுநாள் ஒரே புள்ளி. ஒருவர் மொட்டை மாடியில் கம்பத்தைத் திருப்ப, இன்னொருவர் ஜன்னலில் நின்று “இல்ல டே, இன்னும் கொஞ்சம் கெழக்க” என்று கத்திய காலம் அது. அந்த மெலிந்த சிக்னலுக்குப் பூஸ்டர் அவசியம்.

கணினி இருப்பதோ இரண்டடி தள்ளி, மேசைமேல். சிக்னல் மெலிந்துபோக அங்கே தூரமே இல்லை. படம் மோசமாக இருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க, அந்தப் பெட்டி டிவியோடு எப்படிப் பேசுகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, பிபிசி மைக்ரோ போன்ற எண்பதுகளின் வீட்டுக் கணினிகளுக்குத் தனி மானிட்டர் வாங்க வசதி உள்ளவர்கள் அன்று குறைவு. வீட்டில் ஏற்கெனவே இருந்த டிவியே திரை. ஆனால் அந்தக் காலத்துப் பெரும்பாலான டிவிகளில் ஆன்டெனா ஓட்டையைத் தவிர வேறு வாசல் கிடையாது. ஆகவே கணினிக்குள் ஒரு சின்ன டிவி நிலையத்தையே வைத்தார்கள். தீப்பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. அதற்குப் பெயர் மாடுலேட்டர். கணினி உண்டாக்கும் படத்தை அது ஒரு குறிப்பிட்ட சானலின் அலைமேல் ஏற்றி, ஆன்டெனா ஒயர் வழியாக டிவிக்கு அனுப்பும். டிவிக்கு நல்ல படம் காட்டச் சுமார் ஒரு மில்லிவோல்ட் போதும். மாடுலேட்டர் கிட்டத்தட்ட அந்த அளவுக்கென்றே செய்யப்பட்டது. அதற்குமேல் பூஸ்டரை வைத்தால் டிவியின் டியூனர் திணறிப்போகும். என் திரை கறுத்துக் கிழிந்ததற்கு அதுதான் காரணம். இன்னொரு ஆபத்தும் உண்டு: கம்பத்தில் மாட்டும் பூஸ்டர்களின் அடாப்டர், மேலே இருக்கும் பூஸ்டருக்கான கரண்டை அதே ஆன்டெனா ஒயரில்தான் அனுப்பும். அந்த முனையைக் கணினியில் சொருகினால் மாடுலேட்டருக்கு நல்லதல்ல.

வடசேரியில் நாற்பது வருடமாக டிவி பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் பெட்டியைக் கொண்டுபோனபோது அவர் இதையே தன் பாணியில் சொன்னார்: “சாதனம் பக்கத்தில இருக்கு. பிறவு எதுக்கு பூஸ்டர்? காதுக்குள்ள மைக் வச்சுப் பேசுவியளா?”

எந்த ஊர்ச் சானல்?

சரி, பூஸ்டரைக் கழற்றியாகிவிட்டது. அடுத்த கேள்வி, அந்தச் சின்ன நிலையம் எந்தச் சானலில் ஒளிபரப்புகிறது என்பது. இங்கேதான் நம் ஊரில் பாதிப்பேர் மாட்டிக்கொள்வார்கள். ஏனென்றால் நம்மிடம் வந்த கணினிகளில் பல, வெளிநாட்டில் இருந்தவர்கள் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தவை. ஒவ்வொன்றும் அது பிறந்த நாட்டு டிவிக்கு ஏற்றபடி பேசும்.

ஸ்பெக்ட்ரம் 1982இல் பிரிட்டனில் வந்தது. அதன் மாடுலேட்டர் பேசுவது யுஎச்எஃப் என்ற உயர் அலைவரிசையில் 36ஆம் சானல், 591.25 மெகாஹெர்ட்ஸ். பிரிட்டனில் அந்த எண்ணை ஒட்டிய இடத்தில் அப்போது டிவி நிலையம் எதுவும் ஒளிபரப்பவில்லை என்பதால் கணினிகளும் விசிஆர்களும் அங்கே குடியேறின. 1997இல் சானல் 5 என்ற புதிய நிலையம் அந்த வெற்றிடத்துக்கு வந்தபோது, மக்களின் விசிஆர்களை மாற்றி டியூன் செய்து கொடுக்க வீடு வீடாக ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

இந்தியாவில் நிலைமை வேறு. தூர்தர்ஷன் நெடுங்காலம் அதைவிடத் தாழ்ந்த விஎச்எஃப் அலைவரிசையில்தான் இருந்தது. சென்னையில் தயாரான டயனோரா, சாலிடேர், திருவனந்தபுரத்துக் கெல்ட்ரான் என்று நம் வீடுகளில் இருந்த பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். ‘டக், டக்’ என்று திருகும் குமிழ், 12ஓடு முடிந்துவிடும். அந்தப் பன்னிரண்டுக்குள் 230 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கிடையாது. 591இல் பேசும் கணினியை அதில் எவ்வளவு திருகினாலும் கேட்காது. கணினியும் கெடவில்லை, டிவியும் கெடவில்லை.

பிற்காலக் கலர் டிவிகளில் யுஎச்எஃப் உண்டு. முன்பக்கம் சிறிய மூடியைத் திறந்தால் உள்ளே வரிசையாகப் பற்சக்கரம் போன்ற திருகுகளும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் விஎல், விஎச் (இரண்டும் விஎச்எஃப்), யு (யுஎச்எஃப்) என்று மூன்று நிலையுள்ள சுவிட்சும் இருக்கும். அதை ‘யு’வில் வைத்து, சக்கரத்தை மெதுவாக, மிக மெதுவாகச் சுற்ற வேண்டும். கணினியைப் போட்டவுடன் டியூன் செய்யாமல் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். மாடுலேட்டர் சூடேறும்போது அதன் அலைவரிசை கொஞ்சம் நகரும். ஆறியிருக்கும்போது பிடித்த இடம் பிறகு தப்பிப்போகும். இன்னொன்று: ஒரே சிக்னல் சக்கரத்தின் இரண்டு மூன்று இடங்களில் தலைகாட்டும். முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எழுத்து கூர்மையாகத் தெரிந்து, நிறமும் வருகிற இடம் ஒன்றுதான் இருக்கும். நிறத்தைச் சுமக்கும் அலை படத்தின் அலையிலிருந்து 4.43 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்பதால், டியூனிங் ஒரு மயிரிழை விலகினாலும் முதலில் போவது நிறம்தான்.

நிறத்தைச் சோதிக்க ஸ்பெக்ட்ரத்தில் சுலபமான வழி உண்டு. வெள்ளைத் திரையின் அடியில் 1982 என்று தொடங்கும் காப்புரிமை வரி வந்ததும் ‘பி’ (B) பொத்தானை அழுத்தினால் பார்டர் என்ற கட்டளை முழுதாக வந்து விழும். பிறகு 2, என்டர். திரையின் ஓரம் முழுவதும் சிவப்பாக மாற வேண்டும். சிவப்பு சுத்தமாக வந்தால் மற்ற நிறங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சத்தம் வராததைப் பார்த்து டியூனிங் சரியில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. 48கே ஸ்பெக்ட்ரத்தின் சத்தம் அதற்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். டிவிக்கு அது சத்தமே அனுப்புவதில்லை. டிவி இரைந்துகொண்டேதான் இருக்கும், வால்யூமைக் குறைத்துவிடுங்கள். டிவிக்குச் சத்தம் அனுப்பும் பிரிட்டிஷ் கணினியாக இருந்தாலும் நம் டிவியில் சிக்கல் வரும். பிரிட்டனில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 6 மெகாஹெர்ட்ஸ், இங்கே 5.5. படம் பளிச்சென்று இருக்கும். ஒலி மட்டும் வராது.

வளைகுடாவிலிருந்து வந்தவற்றில் இந்தத் தொல்லை குறைவு. அங்கும் ஒலி இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ்தான். குவைத்தில் தொடங்கிய அல் ஆலமியா நிறுவனம் சக்ர் என்ற பெயரில் அரபு எழுத்துள்ள எம்எஸ்எக்ஸ் என்ற வகைக் கணினிகளை விற்றது. மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து வீடுகளில் அரபு எழுத்துள்ள கீபோர்டு ஒன்று தூசி படிந்து கிடந்தால் அதுவாக இருக்க வாய்ப்புண்டு. எம்எஸ்எக்ஸ் கணினிகள் பலவற்றில், சானலில் ஏற்றாமல் படத்தை நேராகக் கொடுக்கும் ஏவி வாசலும் உண்டு என்பதால் இந்த ஆன்டெனாக் கூத்தே தேவைப்படாது.

அமெரிக்காவிலிருந்து வந்த கமடோர் 64தான் ஆகக் கஷ்டம். அதன் பின்புறச் சுவிட்சை 3ஆம் சானலில் வைத்தால் 61.25 மெகாஹெர்ட்ஸில் பேசும். நம் 4ஆம் சானலின் படம் 62.25இல். பக்கத்தில்தான் இருக்கிறது, பழைய குமிழ் டிவியின் ஃபைன் டியூனிங்கைத் திருகினால் பிடித்துவிடலாம். ஆனால் அமெரிக்கப் படம் விநாடிக்கு 60 முறை வரைவது, நம்முடையது 50. அதனால் படம் உருண்டுகொண்டே இருக்கும். டிவியின் பின்னால் இருக்கும், படம் உருளாமல் பிடிக்கும் வி-ஹோல்டு குமிழைத் திருகி நிறுத்தினாலும் நிறமும் சத்தமும் வராது. அங்கே இரண்டுக்குமே கணக்கு வேறு. அப்புறம் அதன் அடாப்டர் 110 வோல்ட் என்பதை மறந்து சொருகினால், படத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியமே இராது.

திரையைப் படிப்பது

வடசேரி மெக்கானிக்கிடம் நான் கற்றுக்கொண்டது இதுதான்: எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் கோளாறு எப்படித் தெரிகிறது என்று ஐந்து நிமிடம் சும்மா பார்க்க வேண்டும். திரையே சொல்லிவிடும்.

புள்ளி மழைக்கு நடுவே படம் மங்கலாகத் தெரிந்தால் சிக்னல் வழியில் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒயரோ பின்னோ காரணம். கூடுதலாக இன்னொரு உருவம் நிழல்போலப் பக்கத்தில் தெரிந்தால் ஒயர் பொருந்தவில்லை. பழைய தட்டை ரிப்பன் ஒயர் 300 ஓம், வட்ட ஒயர் 75 ஓம். இரண்டையும் இடையில் பேலன் என்ற பொருத்தும் சாதனம் இல்லாமல் முறுக்கிச் சேர்த்தால் சிக்னல் முட்டி எதிரொலிக்கும். மீன்முள் போல மெல்லிய சாய்கோடுகள் படர்ந்தால் வேறொரு சிக்னல் கலக்கிறது. மிக்சி ஓடும்போது மட்டும் வெள்ளைக் கீற்றுகள் பாய்ந்தால், அது மிக்சிதான்.

கட்டம் கட்டமாக நிறங்கள், செங்குத்தான பட்டைகள், எழுத்தே இல்லாத கோலம் என்று வந்தால் டியூனிங்கை விட்டுவிடுங்கள். சிக்னல் சரியாகவே வருகிறது. கணினியின் மெமரி சில்லுகளில்தான் கோளாறு. இதைத் தெரியாமல் இரண்டு நாள் ஆன்டெனா பின்னைச் சுரண்டியவர்கள் உண்டு.

இன்னொன்றும் கோளாறுபோலத் தெரியும், ஆனால் கோளாறு அல்ல. ஸ்பெக்ட்ரத்தில் நிறங்கள் சந்திக்கும் ஓரங்களில் சின்னச் சின்னப் புள்ளிகள் எறும்பு ஊர்வதுபோல நகர்ந்துகொண்டிருக்கும். படத்தை வரையும் கடிகாரமும் நிறத்தை உண்டாக்கும் கடிகாரமும் ஒன்றோடொன்று பூட்டப்படாததால் வருவது அது. கடையிலிருந்து வாங்கிய அன்றும் அப்படித்தான் இருந்திருக்கும்.

திரையின் குறுக்கே ஒரு மங்கலான பட்டை மெல்ல ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால் விஷயம் ஆன்டெனாப் பக்கமே இல்லை, கரண்ட் பக்கம். எனக்கு இதுவும் இருந்தது. ஸ்பெக்ட்ரத்தின் அடாப்டர் 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சீர்ப்படுத்தப்படாதது. சும்மா மீட்டரில் பார்த்தால் 12, 13 என்றுகூடக் காட்டும். கணினிக்குள் இருக்கும் 7805 ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும். அது ஒழுங்காக வேலை செய்ய உள்ளே வருவது எப்போதும் 7 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. எங்கள் ஊரில் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது பழைய கதை. அதோடு நாற்பது வருடத்தில் கண்டன்சர்களும் காய்ந்துபோயிருக்கும். இரண்டும் சேர்ந்தால், கரண்டின் ஒவ்வொரு அலையிலும் ஒரு கணம் 7க்குக் கீழே இறங்கி, அந்தப் பள்ளம் திரையில் பட்டையாகத் தெரியும்.

பட்டை ஏன் நகர்கிறது என்பதற்குச் சின்னக் கணக்கு உண்டு. ஸ்பெக்ட்ரம் ஒரு வரி வரைய 224 கடிகாரத் துடிப்புகள், ஒரு படத்துக்கு 312 வரிகள். விநாடிக்கு 35 லட்சம் துடிப்புகள். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 50.08 படம். கரண்ட் 50. இந்த 0.08 வித்தியாசத்தால் ஒரு பட்டை திரையைச் சுற்றிவரப் பன்னிரண்டரை விநாடி ஆகும். கரண்டின் துடிப்பு கொஞ்சம் கூடியோ குறைந்தோ இருந்தால் இதுவும் மாறும். வாட்சை வைத்துக்கொண்டு எண்ணினேன். ஒருமுறை பதினொன்று, அடுத்தமுறை பதினான்கு. மெக்கானிக்கின் கடை பெஞ்சில் இருந்த சீரான 9 வோல்ட் சப்ளையில் மாட்டியதும் பட்டை காணாமல்போனது. அதைப் போலவே வேறு அடாப்டர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்பெக்ட்ரத்தின் பின்னில் நடுவில் இருப்பது மைனஸ். கடையில் கிடைக்கும் பெரும்பாலானவற்றில் நடுவில் பிளஸ்.

பச்சைக் களிம்பு

மற்ற ஊர்க்காரர்கள் எழுதிய ஆலோசனைகளில் அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று நமக்கு முக்கியம். மூன்று கடலும் கூடும் மாவட்டம் இது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்யும். கன்னியாகுமரி, மணக்குடி, முட்டம், குளச்சல் என்று கரையோரத்தில் ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் பொரிந்துபோகும்போது, ஒரு பித்தளைப் பின் எப்படித் தப்பும்?

என் ஒயரின் ஆன்டெனா முனையை மெக்கானிக் திருகிப் பிரித்தார். நடு ஊசி கறுத்திருந்தது. வெளிவளையத்தில் கம்பி வலை சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு, பூசணம்போல. அவர் நகத்தால் தட்டியதும் வலையில் பாதி பொடியாக உதிர்ந்தது. இரண்டு மூன்று இழைகள்தான் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தன. “இதுலயாக்கும் சிக்னல் முழுக்க வெளிய போச்சு” என்றார்.

கம்பி வலை என்பது வெறும் மண்ணிணைப்பு அல்ல. உள்ளே போகும் அலையை வெளியே விடாமலும், வெளியே இருப்பதை உள்ளே விடாமலும் காக்கும் சுவர் அது. 591 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 51 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு, அதாவது ஒரு சாண் அளவுகூட இல்லாத 12, 13 சென்டிமீட்டர் ஒயர் வலையில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தாலே அது ஒரு நல்ல ஆன்டெனா ஆகிவிடும். பின் இல்லாத ஒயரின் நடுக்கம்பியை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சி சொருகி நிறுத்துகிறோமே, அந்தப் பழக்கம் கேபிள்காரரின் வலுவான சிக்னலுக்குத் தாங்கும். இந்த ஒரு மில்லிவோல்ட்டுக்குத் தாங்காது.

களிம்பை எடுக்கக் குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போடலாமா என்று அம்மா கேட்டாள். போடக் கூடாது. பளபளக்கும், ஆனால் இடுக்கில் தங்கும் புளிப்பு அடுத்த மழைக்குள் மறுபடி அரித்துவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் போதும். உதிர்ந்துபோன ஒயரைக் காப்பாற்ற முயல வேண்டாம். கேபிள்காரர்கள் போடும் 75 ஓம் ஒயர் ஒன்றரை மீட்டர், ஒரு ஆர்சிஏ பின், ஒரு ஆன்டெனா பின் வாங்கி, வலையை நன்றாகப் பிரித்துச் சுற்றிலும் ஈயம் வைத்து ஒட்டினால் முடிந்தது. என் புள்ளி மழை இத்தோடு நின்றுவிட்டது.

புது டிவி ஏன் ஏற்க மறுக்கிறது?

ஹாலில் இருந்த தட்டை டிவியின் கதை பாக்கி. முதலில் நான் செய்த தவறு. ஸ்பெக்ட்ரத்தின் பின்னால் டிவிக்கான ஓட்டை ஆர்சிஏ வடிவத்தில் இருக்கும். அதைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் ஆர்சிஏ வைத்த ஒயரால் டிவியின் மஞ்சள் ஏவி ஓட்டையில் மாட்டிப் பார்த்தேன். வடிவம் ஒன்று, உள்ளே ஓடுவது வேறு. மஞ்சள் ஓட்டை நேரடிப் படத்தை எதிர்பார்க்கிறது. கணினி அனுப்புவது சானல்மேல் ஏற்றிய அலை. அது ஆன்டெனா ஓட்டைக்குத்தான் போக வேண்டும்.

அங்கே மாட்டியும் ஆட்டோ டியூனிங் ஒன்றும் பிடிக்கவில்லை. ஸ்பெக்ட்ரத்தின் சிக்னலில் ஒலி அலையே கிடையாது, வரி எண்ணிக்கையும் முறையான ஒளிபரப்பைப் போல இல்லை. இப்படிப்பட்டதை நிலையமாகவே மதிக்காமல் தாண்டிப்போகும் டிவிகள் நிறைய. மெனுவில் அனலாக் மேனுவல் டியூனிங் என்று இருந்தால் அதில் போய் 591ஐ ஒட்டி நிறுத்திப் பாருங்கள். சில டிவிகள் சிக்னலில் சந்தேகம் வந்தாலே நீலத்திரையைப் போட்டு மூடிவிடும். மெனுவில் அந்த நீலத்திரையை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிட்டுத் தேடுங்கள். இல்லாவிட்டால் சரியான இடத்தைத் தாண்டிப்போவதே தெரியாது. புதிய மாடல்கள் சிலவற்றில் அனலாக் டியூனரே கிடையாது. அப்படியானால் யுஎச்எஃப் டியூனர் உள்ள பழைய விசிஆர் ஒன்றை நடுவில் வைக்கலாம்: கணினியை அதன் ஆன்டெனா வாசலில் கொடுத்து, விசிஆரின் ஏவி வாசலிலிருந்து டிவிக்கு எடுக்கலாம்.

கேபிள் ஒயரையும் கணினி ஒயரையும் ஸ்பிளிட்டர் வைத்து ஒன்றாகச் சேர்க்கும் யோசனை சிலருக்கு வரும். வேண்டாம். டிஜிட்டல் கேபிள் அதே அலைவரிசைகளில் உட்கார்ந்திருக்கலாம், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். தவிர, உங்கள் கணினியின் படம் ஒயர் வழியே பக்கத்து வீட்டுக்கும் போகும்.

ஆன்டெனா வழியை முழுதாக விட்டுவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு என்பது என் கட்சி. பழமை கெட்டுவிடும் என்று எதிர்ப்பவர்களும் உண்டு. ஸ்பெக்ட்ரத்தில் மாடுலேட்டருக்குள் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்று 5 வோல்ட், மற்றொன்று படம். இரண்டையும் கழற்றிவிட்டு, தகரப் பெட்டிக்குள் ஆர்சிஏ ஓட்டையின் நடுமுனைக்கு வரும் ரெசிஸ்டரை விடுவித்து, படக் கம்பியை 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வழியாக அதே நடுமுனையில் சேர்த்தால், அந்த ஓட்டை நேரடி ஏவி வாசலாகிவிடும். திரும்ப பழையபடி ஆக்க வேண்டுமென்றாலும் பத்து நிமிட வேலை. கமடோர் 64இலும் பிபிசி மைக்ரோவிலும் இதைக்கூடச் செய்ய வேண்டியதில்லை, நேரடிப் பட வாசல் ஏற்கெனவே இருக்கிறது. பிபிசி மைக்ரோவில் அந்த வாசல் தயாரிப்பிலேயே கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். நிறம் வரவில்லையே என்று பதற வேண்டாம். கணினியைத் திறப்பது வேறு, குழாய் டிவியைத் திறப்பது வேறு. கலர் குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்குமேல் தேங்கியிருக்கும். அதன் பின்மூடியை அந்த வேலை தெரிந்தவரிடமே விட்டுவிடுங்கள்.

கடைசியில் ஹால் டிவியில் ஏவி வழியாகப் படம் எழுத்து எழுத்தாகத் தெளிவாக வந்தது. ஆனால் மெக்கானிக்குக் குறுகுறுப்பு அடங்கவில்லை. 12ஓடு முடியும் ஒரு கறுப்பு வெள்ளை போர்ட்டபிள் டிவி அவர் கடையில் கிடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கேபிள் கண்ட்ரோல் ரூம்களில் கேசட் படத்தைச் சானலாக மாற்றி அனுப்பப் பயன்படுத்திய விஎச்எஃப் மாடுலேட்டர் ஒன்றும் அலமாரியில் இருந்தது. இரண்டையும் தூசி தட்டினார். ஸ்பெக்ட்ரத்தின் புதிய ஏவி வாசலை அதில் கொடுத்து, குமிழை ‘டக், டக்’ என்று நான்கு வரை திருப்பினார்.

காப்புரிமை வரி வந்து நின்றது.

“அந்த செவப்பு போடுங்க, பாப்போம்” என்றார். ‘பி’, 2, என்டர். ஓரம் முழுக்க ஒரே சீராகச் சாம்பல் நிறத்தில் நிறைந்தது.